அரை லிட்டர் தண்ணீரில் நிற்கும் நகரம்

ஹாங்காங்கில் ஒரு பகல் மட்டுமே கிடைக்கிற பயணி, அண்ணாந்து பார்த்தபடியே நடந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அவரைக் குறைசொல்ல முடியாது. கவுலூன் கரையில் ஸ்டார் ஃபெரி படகில் ஏறினால் பத்து நிமிடத்தில் எதிர்க்கரை. அந்தப் பத்து நிமிடமும் கண்ணாடியும் எஃகுமாகக் கட்டடங்கள் வரிசைகட்டி நெருங்கி வருகின்றன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று மலை. கழுத்து தானாகவே மேலே திரும்பிவிடுகிறது.

ஆனால், இந்த நகரம் எப்படி விழாமல் நிற்கிறது என்பதற்கான தடயங்கள் உச்சியில் இல்லை. இடுப்பளவு உயரத்தில், சுவர்களிலும் குழாய்களிலும் சந்துகளிலும் இருக்கின்றன. சிமெண்ட் பூசிய மலைச்சரிவில் அறைந்திருக்கும் எண் பலகை. ஒரே கட்டடத்துக்குள் ஏறும் இரண்டு தனித்தனித் தண்ணீர்க் குழாய்கள். கூட்டல் குறி வடிவத்தில் நிற்கும் முப்பது மாடிக் குடியிருப்பு. இவை ஒவ்வொன்றும் ஒரு நெருக்கடியிலிருந்து பிறந்தவை. அந்த நெருக்கடிகளை விளக்குவதற்குப் பெரும்பாலும் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

சராசரி மறைப்பது

ஹாங்காங்கின் நிலப்பரப்பு சுமார் 1,110 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 75 லட்சம். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 7,000 பேர்கூட வரவில்லை. மும்பைக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். பிறகு எப்படி உலகின் நெருக்கமான நகரங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதன் பெயர் முதலில் வருகிறது?

அந்தச் சராசரி, ஆளில்லாத மலைகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வீடுகளும் சாலைகளும் அலுவலகங்களும் இருப்பது மொத்த நிலத்தில் கால்வாசியில்தான். ஏறக்குறைய 40 சதவீத நிலம் சட்டத்தால் காக்கப்படும் மலைப் பூங்கா. குவுன் டோங் போன்ற மாவட்டத்தை மட்டும் தனியே எடுத்தால் சதுர கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 60,000 பேர். ஒரு பக்கம் காட்டுப்பன்றி திரியும் காடு, மறுபக்கம் நாற்பது மாடி. இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு தெருவின் அகலம்தான்.

இதற்கு முதல் காரணம் பாறை. சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே மாபெரும் எரிமலை வெடிப்பு நிகழ்ந்தது. கொட்டிக் குவிந்த சூடான சாம்பல் மெல்லக் குளிர்ந்து சுருங்கியபோது அறுகோணத் தூண்களாகப் பிளந்தது. கிழக்கே சாய் குங் கடலோரத்தில் அந்தத் தூண்கள் இன்றும் அடுக்கடுக்காக நிற்கின்றன. யுனெஸ்கோவின் புவிப்பூங்காப் பட்டியலிலும் அந்த இடம் இருக்கிறது. வெளியே வராமல் நிலத்தடியிலேயே ஆறிய பாறைக்குழம்பு கிரானைட் ஆனது. துறைமுகத்தின் இரு கரைகளிலும் பெரும்பகுதி அந்தக் கிரானைட்தான். இங்குள்ள மிக உயரமான மலையான தாய் மோ ஷானின் உயரம் 957 மீட்டர். இமயத்தைப் பார்த்தவர்களுக்கு அது குன்று. ஆனால் கடல்மட்டத்திலிருந்து விறுவிறுவென்று எழுவதால் வீடு கட்டச் சமதளம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

எனவே நகரம் கடலைத் தூர்த்தது, மலையை வெட்டியது. ஒருகாலத்தில் கரையோரச் சாலையாக இருந்த குயின்ஸ் ரோட்டில் இன்று நின்றால் கடல் தெரியாது. சில தெருக்களைத் தாண்டினால்தான் அலை கண்ணில் படும். கடலைத் தூர்த்தது எளிதான பாதி. மலையை வெட்டியதற்குத்தான் நகரம் உயிர்களைக் கொடுத்துப் பாடம் படித்தது.

மலைக்கு எண் போட்ட கதை

படகுத்துறையிலிருந்து சென்ட்ரல் பகுதிக்குள் நடந்தால், தெருவோரம் கூரை வேய்ந்த எஸ்கலேட்டர் ஒன்று மலையேறுகிறது. 1993-ல் திறந்தார்கள். சுமார் 800 மீட்டர் நீளத்துக்குத் துண்டு துண்டாகத் தொடர்ந்து 135 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. காலை பத்து மணிவரை கீழ்நோக்கி மட்டுமே ஓடும். மலையில் குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்கும் நேரம் அது. பத்துக்கு மேல் திசை மாற்றி, நள்ளிரவுவரை மேல்நோக்கி. இருபுறமும் நூடுல்ஸ் கடை, தையல்கடை, மதுக்கூடம் என்று விலகி விலகி மறைய, மூச்சு வாங்காமல் மிட்-லெவல்ஸ் குடியிருப்புகளுக்கு வந்து சேரலாம்.

அங்கே கட்டடங்களுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். செங்குத்தாக வெட்டிய மலைமுகம், அதன்மேல் சாம்பல் நிறக் கான்கிரீட் பூச்சு. அதில் சீரான இடைவெளியில் சதுரச் சதுரமாகக் கான்கிரீட் பொட்டுகள். கீழ்ப்பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். மழை நின்று ஒரு நாள் கழித்தும் சிலவற்றிலிருந்து நீர் கசியும். அடியில் தாம்பாளம்போல வழித்துக் கட்டிய வடிகால். ஓரத்தில் உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவில் ஒரு பலகை. அதில் முதலில் நில வரைபடத் தாளின் எண், பிறகு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு வரிசை எண். அந்த எழுத்து 'சி' என்றால் வெட்டிய சரிவு, 'எஃப்' என்றால் மண் கொட்டி நிரப்பிய சரிவு, 'ஆர்' என்றால் தாங்குசுவர். இப்படி எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிய, மனிதன் கைபட்ட சரிவுகள் ஹாங்காங்கில் ஏறக்குறைய 60,000. எண்ணைத் தட்டினால் அந்தச் சரிவின் வயது, உயரம், அதைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதெல்லாம் அரசின் இணையத்தளத்தில் வந்துவிடும்.

இந்தப் பதிவேட்டின் பிறந்தநாள் போன்றது 1972 ஜூன் 18. அன்றோடு சேர்த்து மூன்று நாட்களில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அன்று பிற்பகல் கவுலூனின் சாவ் மாவ் பிங்கில், சாலைக்காக மண் கொட்டி எழுப்பியிருந்த ஒரு கரை சேறாகி ஓடி, கீழே இருந்த குடிசைகளை மூடியது. 71 பேர் இறந்தார்கள். அன்றிரவே இந்த மிட்-லெவல்ஸின் போ ஷான் சாலைக்கு அருகே மலை சரிந்து, வழியிலிருந்த பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை அடியோடு சாய்த்தது. அங்கே 67 பேர். ஒரே நாள், ஒரே மழை. ஒன்று ஏழைகளின் குடிசை, மற்றது வசதியானவர்களின் அடுக்குமாடி.

பாறை மலை ஏன் சேறாகிறது? வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊரில் கிரானைட் நெடுங்காலம் கிரானைட்டாகவே இருப்பதில்லை. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மழைநீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லக் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சுகிறது. பார்வைக்குப் பாறையின் கோடுகளும் விரிசல்களும் அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் உதிரும். இப்படி மக்கிய அடுக்கு இங்கே பல இடங்களில் பத்து மீட்டர், இருபது மீட்டர், அதற்கும் மேல் ஆழம்.

அந்த மண் சும்மா இருக்கும்போது ஏன் நிற்கிறது என்பதுதான் வேடிக்கை. கடற்கரையில் குழந்தைகள் மணல் வீடு கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். உலர்ந்த மணல் நிற்காது. ஈர மணல் நிற்கும். அலை வந்து முழுக்க நனைத்ததும் கரைந்துவிடும். துகள்களுக்கிடையே கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும்வரை, நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. நீர் நிறைந்து காற்று வெளியேறியதும் அந்தப் பிடி போய்விடுகிறது. மழை இன்னும் தொடர்ந்தால் இடையிலிருக்கும் நீரின் அழுத்தம் துகள்களை விலக்கித் தள்ளவே தொடங்கும். மண்ணின் எடை அதே எடை, சரிவின் கோணம் அதே கோணம். ஒட்டிப் பிடித்த விசை மட்டும் இல்லை. சாவ் மாவ் பிங்கில் நடந்ததோ இன்னும் மோசம். கொட்டிய மண்ணைச் சரியாகக் கெட்டிக்காமல் விட்டிருந்தார்கள். தளர்வான மண் நனைந்து அமுங்கும்போது உள்ளே சிக்கிய நீருக்குப் போக வழியில்லை. கரை முழுதும் ஒரே நேரத்தில் திரவம்போல ஓடியது.

1976-ல் அதே சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் சரிவு. 18 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சரிவுகளுக்கென்று தனி அரசுப் பொறியியல் அலுவலகம் வந்தது. அது செய்த வேலை, சுருக்கமாகச் சொன்னால், மலையிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது. மேல்பூச்சு மழையை உள்ளே விடாமல் தடுக்கிறது. துளைகள் உள்ளே போனதை வெளியேற்றுகின்றன. அந்தக் கான்கிரீட் பொட்டு ஒவ்வொன்றும், மலைக்குள் பல மீட்டர் ஆழம் துளையிட்டு, சிமெண்ட் குழம்பு ஊற்றி இறுக்கிய ஓர் எஃகுக் கம்பியின் தலை. உதிரும் அடுக்கை அந்தக் கம்பிகள் உள்ளிருக்கும் கெட்டியான பகுதியோடு தைத்து வைத்திருக்கின்றன. போ ஷான் மலைக்குள் சுரங்கப்பாதைகளே குடைந்து, மேல்நோக்கித் துளைகள் போட்டு, நிலத்தடி நீரை வடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு குழாய்

ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வருமா? வந்தது. பெரிய ஆறு கிடையாது. கிரானைட்டில் நிலத்தடி நீர் அதிகம் தங்காது. பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். 1963-ல் மழை பொய்த்தபோது நான்கு நாளைக்கு ஒருமுறை, நான்கு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டார்கள். வாளி, தகரப் பெட்டி, பிளாஸ்டிக் டப்பா என்று கிடைத்ததோடு தெருக்குழாயில் மக்கள் வரிசையில் நின்ற படங்கள் அந்தத் தலைமுறையின் நினைவில் ஆழப் பதிந்தவை.

தண்ணீர்ப் பஞ்சத்துக்கு மூன்று விடைகள் கண்டார்கள். முதலாவது, 1965 முதல் சீனப் பெருநிலத்தின் டோங்ஜியாங் ஆற்றிலிருந்து குழாய்வழித் தண்ணீர். இன்றும் குடிநீரில் பெரும்பகுதி அதுதான். இரண்டாவது, 1968-ல் முடிந்த ப்ளோவர் கோவ் நீர்த்தேக்கம். மலைகள் மூன்று பக்கம் சூழ்ந்த ஒரு கடற்கழியின் வாயில் சுமார் இரண்டு கிலோமீட்டர் அணை கட்டி, உள்ளே இருந்த உப்புநீரை இறைத்து வெளியேற்றி, நன்னீரை நிரப்பினார்கள். கடலின் ஒரு துண்டையே ஏரியாக்கிய முயற்சி இது.

மூன்றாவதுதான் அந்த இரண்டாவது குழாய். 1950-களின் இறுதியிலிருந்தே ஹாங்காங் தன் கழிப்பறைகளைக் கடல்நீரால் ஃப்ளஷ் செய்கிறது. இன்று மக்களில் சுமார் 85 சதவீதம் பேரின் வீட்டில் இந்த ஏற்பாடு உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 30 கோடி கன மீட்டர் நன்னீர் இதனால் மிச்சம். இதைச் செய்ய ஊர் முழுவதும் இரட்டைக் குழாய் பதிக்க வேண்டும். உப்பு அரிக்காத குழாயாக இருக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து மலைமேல் முப்பதாவது மாடிவரை உப்புநீரைத் தனியே ஏற்ற வேண்டும். பரந்து கிடக்கும் ஊரில் இது கட்டுப்படியாகாது. ஒரு கிலோமீட்டர் குழாய்க்குப் பல ஆயிரம் வீடுகள் கிடைக்கும்போதுதான் கணக்கு சரியாக வரும். நெருக்கமே ஒரு வளமாக மாறும் இடம் இது. உப்புநீர்த் தொட்டிக்கும் இடம் வேண்டுமே! ஹாங்காங் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை விரிவாக்கியபோது, அங்கிருந்த உப்புநீர்த் தேக்கத்தை மலையைக் குடைந்து உள்ளே வைத்துவிட்டது. மேலே மக்கி உதிரும் அதே மலை, ஆழத்தில் குகை குடையத் தோதான உறுதியான பாறை.

கடல்நீர் ஃப்ளஷ்ஷுக்கு இன்னொரு எதிர்பாராத பலன். கடல்நீரில் சல்ஃபேட் அதிகம். சல்ஃபேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகும். ஆகவே அவற்றைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரித்தால் கடைசியில் மிஞ்சும் கசடும் குறைவு. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஒரு சுத்திகரிப்பு முறையாகவே வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

கூட்டல் குறி வீடுகள்

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்தது. ஓர் இரவில் 50,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த அகதிகள். அரசு அவசரமாக எழுப்பிய அடுக்குமாடிகளில் ஐந்து பெரியவர்களுக்கு 120 சதுர அடி அறை ஒன்று; குழாயும் கழிப்பறையும் பொது. இன்று நகரின் மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வாழும் அரசுக் குடியிருப்புத் திட்டத்தின் வித்து அதுதான். அந்த முதல் தலைமுறைக் கட்டடங்களில் மிஞ்சியிருக்கும் மெய் ஹோ ஹவுஸ் இப்போது இளைஞர் விடுதி. பயணிகளே தங்கிப் பார்க்கலாம்.

பிந்தைய கோபுரங்களைத் தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எதுவும் வெறும் பெட்டியாக இல்லை. சுற்றுச்சுவர் மடிந்து மடிந்து உள்ளே போய் வருகிறது. மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி. அழகுக்காக அல்ல. சமையலறைக்கும் குளியலறைக்கும்கூட வெளிக்காற்று படும் ஜன்னல் வேண்டும் என்கின்றன கட்டட விதிகள். ஒரு மாடியில் எட்டு வீடு வைத்து, அத்தனை குளியலறைக்கும் ஜன்னலும் தர வேண்டுமென்றால், சுவரை மடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி மடித்த இடத்தில் நம் ஊர் ஃப்ளாட்களில் 'டக்ட்' என்கிறார்களே, அதைப்போன்ற குறுகலான செங்குத்துச் சந்து உருவாகிறது. கழிவுநீர்க் குழாய், ஏசியின் பின்பக்கம், துணி காயும் கம்பி, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் அதற்குள்தான்.

2003 மார்ச்சில் அந்தச் சந்துதான் உலகச் செய்தியானது. சார்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். கவுலூனில் 33 மாடிக் கோபுரங்கள் பல கொண்ட அமாய் கார்டன்ஸ் குடியிருப்புக்கு, நோயாளி ஒருவர் உறவினரைப் பார்க்க வந்து தங்கினார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. சில நாட்களில் அங்கே 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய். 42 பேர் இறந்தார்கள். வினோதம் என்னவென்றால், ஒரே கோபுரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் வீடுகளில் செங்குத்து வரிசையாக நோய் பரவியிருந்தது. லிஃப்டில் ஒன்றாகப் போனவர்கள் என்று மட்டும் சொன்னால் அந்த வரிசைக்கு விளக்கம் கிடைக்காது.

விளக்கம் தரையில் இருந்தது. குளியலறைத் தரையின் வடிகாலுக்கு அடியில் 'யூ' வடிவில் வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே உள்ள கதவு. அது இருக்கும்வரை நாற்றமும் கிருமியும் மேலே வராது. ஆனால் அங்கே பலர் குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை; ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. வளைவு காய்ந்துபோனது, கதவு திறந்துகொண்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அந்தச் சின்ன அறையில் காற்றழுத்தம் குறையும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து காற்று உள்ளே இழுபடும். பொதுக் கழிவுக் குழாயில் ஃப்ளஷ்ஷோடு சிதறிய நுண்துளிகள் இப்படி வீட்டுக்குள் வந்தன. அதே ஃபேன் அவற்றை வெளியே அந்தச் சந்துக்குள் ஊதியது. குளியலறைகளின் வெதுவெதுப்பான ஈரக்காற்று லேசானது. சந்துக்குள் புகைபோக்கிபோல மேலேறி, மேல்மாடி ஜன்னல்களில் நுழைந்தது. காற்றுக்கென்று சட்டம் வாங்கித் தந்த இடமே நோய்க்கும் வழியானது.

இதற்கு மருந்தாக வந்த அறிவுரை எளிமையானது: வாரம் ஒருமுறை ஒவ்வொரு வடிகாலிலும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். புதிய அரசுக் குடியிருப்புகளில் கைகழுவும் தொட்டியின் தண்ணீரே தரை வடிகாலின் வளைவை நிரப்பிவிட்டுப் போகும்படி குழாயை அமைத்துவிட்டார்கள், மறதிக்கு இடமில்லை. பல கோடி டாலர் கோபுரத்தின் பாதுகாப்பு, ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் ஊற்றும் அரை லிட்டர் தண்ணீரில் இருக்கிறது. தனி வீட்டில் அலட்சியம் அந்த வீட்டோடு போகும். இங்கே அது முப்பது மாடி ஏறும்.

காற்றுக்கும் பாதை வேண்டும்

அமாய் கார்டன்ஸ் இன்னொரு கேள்வியையும் கிளப்பியது. தெருவில் காற்றே இல்லையே, ஏன்? கட்டடங்கள் தெருவின் அகலத்தைவிட நல்ல உயரமாக இருந்தால், கடலிலிருந்து வரும் காற்று கூரைகளை உரசிக்கொண்டு மேலாகவே போய்விடும், கீழே இறங்காது. கடலோரத்தில் கோபுரங்களை இடைவெளியில்லாமல் நிறுத்தினால் பின்னால் உள்ள பகுதி முழுவதும் புழுங்கும். 'சுவர்க் கட்டடங்கள்' என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தது இவற்றைத்தான். 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட ஆய்வு செய்யச் சொன்னார்கள். 2011-ல் கட்டடங்களுக்கிடையே இடைவெளி, தெருவிலிருந்து ஒதுங்கிக் கட்டுதல், பசுமை ஆகியவற்றுக்கு வழிகாட்டு விதிகள் வந்தன.

காற்று நின்றால் வெப்பமும் நிற்கும். பகலில் இந்த ஆழமான தெருக்கள் உண்மையில் இதமானவை. வெயில் தரையைத் தொடுவதே கொஞ்ச நேரம்தான். சிக்கல் இரவில். பகலெல்லாம் கான்கிரீட் குடித்த வெப்பம் இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்துக்குப் போயாக வேண்டும். ஆனால் தெருவில் நின்று பார்த்தால் வானம் ஒரு கீற்றுதான். ஒரு சுவர் விடும் வெப்பத்தை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. அதோடு ஆயிரக்கணக்கான ஏசிகள் வீட்டுச் சூட்டையும் தெருவில் கொட்டுகின்றன. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 28 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் ஹாங்காங் வானிலை ஆய்வகம் அதை 'வெப்ப இரவு' என்று கணக்கெடுக்கிறது. 2021-ல் அப்படி 61 இரவுகள்.

இங்கேதான் அந்தக் காலி மலைகள் கைகொடுக்கின்றன. மரம் மூடிய சரிவுகள் இரவில் விரைவாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தாக்கு வழியே நகரத்துக்குள் வழிந்து இறங்கும், வழியில் சுவர் எழுப்பாமல் இருந்தால். மழைநீரை வாய்க்கால்களில் திரட்டி நீர்த்தேக்கத்துக்கு அனுப்புவதும் அதே மலைகள்தான். எல்லோருக்கும் விசாலமான வீடு வேண்டுமென்று மலைமேல் நகரம் பரவியிருந்தால் நீரும் காற்றும் குறைந்திருக்கும், சரிவு கூடியிருக்கும். நெருக்கமாக இருப்பதால்தான் அன்றாடப் பயணங்களில் சுமார் 90 சதவீதம் ரயில், பேருந்து, டிராம், படகு என்று பொதுப் போக்குவரத்தில் நடக்கின்றன. 1904 முதல் மணியடித்துக்கொண்டு ஓடும் டிராம்களில் இன்றும் இடம்பிடிக்க வேண்டியிருக்கிறது.

விதி எழுதினால் போதுமா?

இத்தனையும் சொல்லிவிட்டு, எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரு ஃப்ளாட்டைத் தடுப்புப் போட்டுப் பல துண்டாக்கிய அறைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். நகரில் ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தின் இடைநிலை அளவு 16 சதுர மீட்டர்; இவர்களுக்குச் சுமார் 6. கூட்டல் குறிக் கோபுரத்தில் ஒவ்வொரு குளியலறைக்கும் கிடைத்த ஜன்னல், இந்த அறைகள் பலவற்றில் மனிதர் படுக்கும் இடத்துக்கே இல்லை. விதி கட்டடத்தைப் பார்த்தது; உள்ளே எழுந்த தடுப்பைப் பார்க்கவில்லை.

2025 நவம்பர் 26 அன்று தாய் போவில், பழுதுபார்ப்புப் பணிக்காகச் சாரம் கட்டியிருந்த எட்டுக் கோபுரக் குடியிருப்பில் தீப்பிடித்து ஏழு கோபுரங்களுக்குப் பரவியது. 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாங்காங்கின் மூங்கில் சாரம் உலகப் புகழ்பெற்றது. லேசானது, வளையும், குறுகிய சந்தில் தோளில் சுமந்தே கொண்டுபோகலாம். அதனால் உலகம் முழுவதும் பழி முதலில் மூங்கில்மேல்தான் விழுந்தது. ஆனால் விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டியது, சாரத்தை மூடியிருந்த வலையில் ஒரு பகுதி தீத்தடுப்புத் தரத்தில் இல்லாததையும், ஜன்னல்களை மறைக்க ஒட்டியிருந்த நுரைப் பலகைகளையும், ஒலிக்காத அபாய மணிகளையும். வலைக்கும் அபாய மணிக்கும் விதி ஏற்கெனவே இருந்தது.

2023 செப்டம்பரில் வேறொரு சோதனை வந்தது. ஒரு மணி நேரத்தில் 158.1 மில்லிமீட்டர் மழை. 1884-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவே அதிகம். தெருக்களிலும் மெட்ரோ நிலையத்திலும் வெள்ளம் புகுந்தது. பல இடங்களில் மண் சரிந்தது. ஆனால் 1972 திரும்பவில்லை. அதே மழையில் கடலோர ஆடம்பரக் குடியிருப்பு ஒன்றின் சரிவு இடிந்தபோது, மேலே அனுமதியில்லாமல் கட்டிய பகுதிகள் அம்பலமாயின. பதிவேட்டில் எண் வாங்கிய சரிவுக்குமேல், பதிவேட்டுக்குத் தெரியாமல் எழுந்தவை அவை.

நம் நகரங்களிலும் இப்போது முப்பது, நாற்பது மாடிகள் எழுகின்றன. அந்த உயரத்தைச் சில ஆண்டுகளில் கட்டி முடித்துவிடலாம். ஹாங்காங்கிடம் கற்க வேண்டியது அதற்கடுத்த ஐம்பது ஆண்டுகள். வடிகாலில் சேரும் சருகை மழைக்கு முன் அள்ளுவது யார், பொதுக் குழாயைச் சோதிப்பது யார், அபாய மணியை அழுத்திப் பார்ப்பது யார், தவறினால் கேட்பது யார்? புதிய அடுக்குமாடியின் விளம்பரத் தாளில் நீச்சல் குளமும் ஜிம்மும் இருக்கும். வீடு வாங்கப் போகிறவர், இந்தக் கேள்விகளுக்கான பதிலையும் எழுத்தில் கேட்டு வாங்கலாம்.